அறுத்த வலைக்கு ஓர் உலக விருது

தொண்டிக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் எழுந்த வழக்கு இது. தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ராயப்பனுக்கும் சிங்கராயருக்கும் தீராப் பகை. தன் வலையை அறுத்தான் என்று பொய்ப்பழி சுமத்தி, சிங்கராயரின் மகனை ஊர்விலக்கம் செய்ய வைத்தவர் ராயப்பன். பையன் மானம் பொறுக்காமல் ஊரை விட்டே போனான். "அறுக்காத வலைக்குத்தானே பழி போட்ட? ஒருநாள் அறுத்தே காட்டுறேன்டா!" என்று சிங்கராயர் கோயில் வாசலில் சூளுரைத்தார்.

அவ்வூர்க் கல்லூரி மாணவி டெல்சி, வலையில் கட்டும் மிதவை ஒன்றைச் செய்தாள். கடல்பசு போன்ற கனத்த உயிர் சிக்கி இழுத்தால் மட்டும் அதில் சிவப்புக் கொடி நிமிரும். சிக்கிய கடல்பசு மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சற்று நேரத்தில் செத்துவிடுமே! கரையில் கூடியவர்களுக்கு அவள் இதை விளக்கியபோது, "கொடி ஏத்தி யாருக்குத் தாயி ஓட்டுக் கேக்கப் போற?" என்று சிரித்தவர் சிங்கராயர். மிதவையைத் தன் வலையில் கட்டச் சம்மதித்தவர் ராயப்பன்.

மறுநாள் விடியலில் ராயப்பன் வலையைப் போட்டுவிட்டு ஐஸ் வாங்கப் போனார். கரையில் ஈ காக்கை இல்லை. வலைக்குப் பக்கத்திலேயே சிங்கராயர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். உச்சிவேளையில் டெல்சி கரைக்கு வந்த சமயம் கொடி நிமிர்ந்தது. சிங்கராயர் தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டு விரைந்தார். கொடியின் கீழே ஓர் ஆள் நுழையும் அளவு வலையை அறுத்தார். கடல்பசு தப்பியது. டெல்சி அதைக் கைப்பேசியில் படம் பிடித்தாள்.

படம் உலகெங்கும் பரவியது. கடல் காப்போருக்கு விருது தரும் வெளிநாட்டுக் குழு ஒன்று, இந்த ஆண்டு விருது சிங்கராயருக்கா, மிதவை செய்த டெல்சிக்கா என்று திகைத்தது. வலைக்காரரான ராயப்பனின் சொல்லே முடிவு என்றது.

"காப்பாத்தத்தான் அறுத்தாரான்னு கேக்குறாங்க பெரியப்பா," என்றாள் டெல்சி.

"விருது வாங்குறவன், கடல்பசு மேயுற நம்ம கடற்புல் பக்கம் வலையே போடக்கூடாதாமே?"

"ஆமா. ஆயுசுக்கும்."

சிங்கராயருக்கு வேறு பிழைப்பிடம் இல்லை. பகைக்குத்தான் அறுத்தான் என்பதில் ராயப்பனுக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனாலும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "காப்பாத்தத்தான் அறுத்தான்னு சொல்லும்மா. மகராசன், விருதைக் கொழம்பு வச்சுத் தின்னட்டும்!"

சென்னையில் விழா. முன்வரிசையில் உட்கார்ந்து ராயப்பன் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். சிங்கராயர் மைக்கைப் பிடித்தார்.

"ராயப்பன் சொன்னது பொய். கடல்பசுவையும் தெரியாது, கழுதையையும் தெரியாது. பகைக்குத்தான் அறுத்தேன். எம் மகன் மேல பழி போட்டதும் இதே பொய் வாய்தான்!"

அரங்கம் முழுவதும் ராயப்பனைத் திரும்பிப் பார்த்தது. விருது டெல்சிக்குப் போனது. பகைக்கு வலையறுத்ததாகத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட சிங்கராயரை ஊர் விலக்கி வைத்தது.

அவர் வலையை அறுத்தது எதற்காக? ராயப்பன், சிங்கராயர், இதில் யார் செய்தது சரி?

விடை: பகைக்கு அறுப்பவர், ஆளில்லாத விடியலிலேயே அறுத்திருப்பார்; கொடி நிமிரும்வரை காத்திருக்க மாட்டார், ஓரிடத்தோடு நிறுத்தவும் மாட்டார். சிங்கராயர் காப்பாற்றவே அறுத்தார். அந்தச் செயல் ஒன்றே சரி. பொய்யென்று நினைத்து ராயப்பன் சொன்னது மெய். மெய்யென்று ஊர் நம்பிய சிங்கராயர் பேச்சு பொய். பழி தீர்க்கப் பேசிய இரண்டு பேச்சும் தவறே. ஆனால் பழி என்னவோ தீர்ந்துவிட்டது: ராயப்பன் இன்று கடல் உப்பென்று சொன்னாலும், கரையில் ஒருவர் கை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார்.