மாப்பிள்ளையை மட்டும்

"இந்தக் கல்யாணத்துக்கு வேற யாரையாவது அனுப்புங்க, மேடம்" என்றான் தவசி.

அமலி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தவசியைவிட வயதில் சிறியவள். நிற்கவைக்காமல், சிரிக்கச் சொல்லாமல், மனிதர்களை அவர்கள் போக்கில் படம் பிடிக்கும் கேண்டிட் வேலையை அவளிடம்தான் அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

"ஏன்?"

"பொண்ணு நித்திலா. என்கூடக் காலேஜ்ல படிச்சவ."

"அவங்கதான் உங்க பேரைச் சொல்லிக் கேட்டாங்க."

"அவளுக்குத் தெரியாது, மேடம்."

எது தெரியாது என்று அமலி கேட்கவில்லை.

"போய்ட்டு வாங்க" என்றாள்.

போனான்.

முகூர்த்தம் முடிந்து, மதியம் ஸ்டுடியோவுக்கு வந்து படங்களைக் காட்டினான். நித்திலா கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். மாலையைச் சரி செய்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் திரும்புகிறாள். ஒவ்வொன்றிலும் சிலை மாதிரி இருந்தாள்.

"மாப்பிள்ளை எங்கே?"

"தாலி கட்டுறப்ப இருக்காரு."

அமலி தேடிப் பார்த்தாள். அதில் இருந்தவை அவன் கைகள் மட்டும்தான்.

"அவன்கிட்ட எடுக்க என்ன இருக்கு, மேடம்? முன்வழுக்கை. எப்பப் பாரு பல்லைக் காட்டிக்கிட்டு..." தவசியின் குரல் உயர்ந்தது. "ஆறு வருஷமா அவளையே பார்த்துக்கிட்டு இருந்தவன் நான். இவன் பொண்ணு பார்க்க வந்தான், ஒரு காபி குடிச்சான். அவ்வளவுதான்."

அமலி கேமராவை எடுத்து மறுபடியும் அவன் கையில் வைத்தாள்.

"சாயங்காலம் ரிசப்ஷன். மாப்பிள்ளையை மட்டும் எடுங்க. பொண்ணு பக்கம் கேமரா திரும்பக் கூடாது."

தவசி வன்மத்தோடு போனான். மாப்பிள்ளை கொட்டாவி விடுவான், மூக்கை நோண்டுவான், வேறு எவளையாவது பார்ப்பான். அந்த நேரம் பார்த்துப் பிடித்துவிட வேண்டும். தூணோரம் நின்று காத்திருந்தான்.

மேடையில் நித்திலா பட்டும் நகையுமாக ஜொலித்தாள். மண்டபமே அவளைப் பார்த்தது. மாப்பிள்ளை வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றுமில்லை.

யாரோ புகை மெஷினை ஓட விட்டார்கள். நித்திலாவுக்குத் தும்மல் வந்தது. நிற்காமல் வந்தது. மூக்கு சிவந்து, கண் மை கன்னத்தில் வழிந்தது.

தவசியின் கை தானாகக் கேமராவைத் தாழ்த்தியது. இப்படி இருக்கும்போது அவளை அவன் எடுப்பதே இல்லை.

இப்போது எடுக்க வேண்டியது அவளை அல்ல என்பது அப்புறம்தான் உறைத்தது. மாப்பிள்ளையைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த களைப்பைக் காணோம்; தும்மிக்கொண்டிருந்தவளையே பார்த்து மலர்ந்திருந்தது.

கேமராவை மெதுவாக உயர்த்தினான்.

பந்தியில் நித்திலா பசி தாங்காமல் கன்னம் உப்பச் சாப்பிட்டாள். பட்டில் ரசம் சிந்தியது. பவுடர் திட்டுத் திட்டாகக் கலைந்திருந்தது. தவசி அவள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து இலையில், சாப்பிட மறந்து அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை கேமராவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

அமலி அதைத் தொடவில்லை.

"மாப்பிள்ளை முகம் எப்ப நல்லா இருந்துச்சு?"



"அவ நல்லா இல்லாதப்ப" என்றான்.