மொதலாளிக்கு வாய்த்த வால்வு செட்

கோயமுத்தூரில் நூல் மில் வைத்திருந்த சென்னியப்பன், பாட்டுக் கேட்க, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடிக் குழல் எரியும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பியதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. கடையிலிருந்து இரண்டை வரவழைத்து, இதைப் போடுவார், அரை நிமிஷத்தில் அதைப் போடுவார். நடுவே வால்வின் பெருமையை ஓயாமல் பேசுவார்.

அன்றைக்கு வந்த நண்பர்கள், இரண்டில் எது உசத்தி என்று கேட்டார்கள். அவர் வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். காபி கொண்டுவந்த சமையல்கார மயிலாத்தா மாட்டிக்கொண்டாள்.

"நீ சொல்லு. காரணமும் சொல்லோணும். தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மயிலாத்தா காபித் தட்டைக் கீழே வைத்தாள். "ரெண்டையும் ஒருக்கா பாட வையுங்க மொதலாளி," என்றாள்.

முதல் பெட்டி பாடியபோது சென்னியப்பன் வழக்கம்போல அதற்கு மேலே பேசினார். இரண்டாவது பாடத் தொடங்கியதும் பேச்சு பாதியில் நின்றது. விரல்கள் தாமாகத் தாளம் போட்டன.

"இதுதானுங்க உசத்தி."

"எப்படிச் சொல்றே?"

"இது பாடறப்பத்தானுங்க நீங்க பேசாம இருந்தீங்க."

நண்பர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சென்னியப்பன் மறுத்துப் பேச வாயெடுத்தார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் இன்னும் சிரிப்பார்கள் என்று புரிந்து, வாயை மூடிக்கொண்டார்.

மயிலாத்தாவின் வேலை தப்பியது. அந்த வீட்டில் ஒரு பாட்டு முழுசாக முடிந்ததும் அன்றைக்குத்தான்.