நடுவில் வந்த காய்ச்சல்

குழந்தை பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எனக்குக் கண் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுபோலவே இருந்தது. ஜன்னல் வெயில் மெதுவாகக் கட்டில்மேல் ஏறி வந்தது. கட்டில் தண்ணீரில் மிதக்கிறது, காலைக் கீழே வைத்தால் நனைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். பக்கத்தில் பாப்பா தூங்கினாள்.

இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் ரெஜினா டாக்டர். பச்சைக் குழந்தைகளைப் பார்க்கிற பெரிய டாக்டர். இன்னொருவர் செழியன், அவரிடம் படிக்கிறவர். செழியன் கையில் ஒரு தட்டு. அதில் சின்ன ஊசியும் மருந்துக் குப்பியும் இருந்தன.

"எதுக்குப்பா இது?" என்று கேட்டார் ரெஜினா டாக்டர்.

"இந்தப் பாப்பாவுக்குத்தான் மேடம். ரத்தத்துல கிருமி இருக்கலாம். ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு, குழந்தைங்கள தனியா வச்சுப் பாக்கிற உள் வார்டுல வச்சுடலாம். அஞ்சு நாள்."

"அம்மா?"

"அவங்க இங்கதான் மேடம்."

ஐந்து நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குப் பிடிபடவில்லை. கையை மட்டும் பாப்பாவின் துணிமேல் வைத்துக்கொண்டேன்.

"பாப்பாவுக்கு என்ன பண்ணுது?" பெரிய டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. ஆனா பனிக்குடம் உடைஞ்சு பதினெட்டு மணி நேரம் கழிச்சுப் பொறந்திருக்கு. பிரசவ நேரத்துல அம்மாவுக்கு நூத்தி ரெண்டு காய்ச்சல்." செழியன் போனைக் காட்டினார். "இதையெல்லாம் போட்டா, கிருமி இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற கணக்கு சிவப்புல நிக்குது."

ரெஜினா டாக்டர் என் பேப்பரைப் புரட்டினார்.

"ஆறு மணிக்குக் காய்ச்சல் இல்ல. ஏழுக்கு நூத்தி ரெண்டு. ஏழரைக்கு மறுபடி இல்ல. மாத்திரை குடுத்தாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப நடுவுல வந்தது எங்க போச்சு?"

"பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"பேப்பரைக் கேட்டுட்ட. அவங்களக் கேட்டியா?"

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பெரிய டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தது தெரிந்தது.

"கண்ண மூடிக்கிட்டா நான் போயிடுவேனா? ஏழு மணிக்கு என்னம்மா நடந்துச்சு?"

வாசலில் அத்தை நின்றிருந்தார். சொல்லாதே என்று தலையை ஆட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன். பிறகு பாப்பாவைப் பார்த்தேன்.

"வெளியிலேர்ந்து எதுவும் குடிக்கக் கூடாதுன்னு நர்ஸ் அக்கா சொல்லியிருந்தாங்க" என்றேன். எனக்கே கேட்காத குரல். "வாயில இருந்தப்ப வந்துட்டாங்க. டக்குனு முழுங்கிட்டேன். அவங்க தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில வச்சுட்டாங்க."

"என்ன குடிச்ச?"

அத்தையே உள்ளே வந்துவிட்டார். "சீரகக் கஷாயம் டாக்டரம்மா. வலி விட்டு விட்டு வந்துச்சு. பொய்வலின்னா இதுல அடங்கிடும், பொய்வலியா நெசவலியான்னு பாக்கத்தான். நாலு மடக்குதான் குடுத்தேன்."

"சூடாவா?"

"ஆறினா வேலை செய்யாதே!"

"கண்டுபிடிச்சீங்களா?"

"நெசவலிதான்."

"வலி நெசம். காய்ச்சல்தான் பொய்." பெரிய டாக்டர் சிரித்தார். "செழியா, அந்தக் காய்ச்சலை எடுத்துட்டு மறுபடி கணக்கைப் போடு."

செழியன் போனைத் தட்டினார். "மஞ்சளுக்கு வந்திருக்கு மேடம். பச்சை இல்ல. ஆயிரம் பாப்பாவுல ஒண்ணு ரெண்டுக்குக் கிருமி இருக்கும்."

"சரி."

"சரியில்ல மேடம்." செழியன் குரல் இறங்கியது. "போன மாசம் ஒரு பாப்பா, காலைல நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் மூச்சு வாங்கிச்சு. அந்த ஆயிரத்துல ஒண்ணு இதுவா இருந்தா?"

பெரிய டாக்டர் தட்டை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தார். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் பாப்பாவின் பக்கத்தில் போட்டார்.

"உக்காரு."

"எவ்வளவு நேரம் மேடம்?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மாறி மாறிப் பாக்கணும். முதல் முறை உன்னோடது. ஏதாவது மாறினா தட்டு கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு."

போய்விட்டார்.

நான் தூங்கினேன். விழித்தபோதெல்லாம் செழியன் அங்கேயே இருந்தார். ஒரு தடவை பாப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. ஒரு தடவை அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். வெயில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போய்விட்டது. அந்த அறையில் மூன்று பேரும் சேர்ந்து மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

நாலு மணிக்குப் பாப்பாவுக்குப் பால் கொடுக்கப் பார்த்தேன். அவள் வாயே திறக்கவில்லை. நான் செழியனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் கட்டையில் இருந்த தட்டைப் பார்த்தார். வராந்தாவில் பக்கத்து வார்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

அவர் வாசலிலேயே நின்றார். "மூச்சு?"

"நாப்பத்தி நாலு மேடம்."

"கால்?"

"கதகதன்னு இருக்கு. நிறமும் நல்லாருக்கு."

"சோர்வா, தூக்கமா?"

"தெரியல மேடம்."

"எழுப்பிப் பாரு."

செழியன் பாப்பாவின் உள்ளங்காலை விரலால் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடியும் சுண்டினார். பாப்பா முகத்தைச் சுருக்கினாள், சிவந்தாள், வாயைத் திறந்து வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கை வாய்க்குப் போய்ப் போய்த் தவறியது.

"என்ன அழுகை இது?"

"கோபம் மேடம்."

"இதுக்கு எந்த மருந்து குடுக்கணும்?"

செழியன் பாப்பாவை எடுத்துப் பால் குடிக்க என் மடியில் வைத்தார். ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.