அரச சங்கும் சமமான ஒரு முழமும்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், கடலோரத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜாவுக்குத் திடீர் திடீரென்று ஆசை வரும். ஒரு விழா நாளில் அரண்மனைச் சங்கை ஊதினார்கள். வலம்புரியெல்லாம் இல்லை, சாதாரண இடம்புரிதான். ஆனால் ஆறு தலைமுறையாகப் பட்டுத் துணியில் படுத்திருந்ததால் அதற்கு அப்படி ஒரு மவுசு. ராஜா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சங்கைப் போலவே எமக்கு ஒரு கல்மண்டபம் வேண்டும். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறிப் போக வேண்டும். வடிவம் இம்மியும் மாறலாகாது” என்றார்.

தலைமைச் சிற்பி செம்பியான் முதலில் களிமண்ணில் இடுப்பு உயர மாதிரி செய்து காட்டுவான். அது அவன் வழக்கம். சங்குக்குக் காவலரான அமைச்சர் மாதண்டர் நடுவில் புகுந்தார். “சங்கின் அளவை எடு. எல்லா இடத்திலும் சமமாக ஒரு முழம் கூட்டு. அரச நீதி அனைவர்க்கும் சமம்!” என்று உத்தரவு போட்டார். செம்பியானுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அமைச்சரை எதிர்த்துப் பேச முடியுமா? கூட்டினான். வாயிலும் ஒரு முழம், நுனியிலும் ஒரு முழம். கூராக நிற்க வேண்டிய நுனி கொழுகொழுவென்று ஊதிப்போய், கடைசியில் சபைக்கு வந்து சேர்ந்தது ஒரு பூசணிக்காய்.

ராஜாவின் முகம் சிவந்தது. “யார் குற்றம் இது?”

“சிற்பியின் கைக்குற்றம், மன்னவா” என்றார் மாதண்டர், கொஞ்சமும் கூசாமல்.

“அப்படியானால் அவன் வலக்கைக் கட்டைவிரலை வாங்குங்கள்.”

செம்பியான் தன் வலக்கையைப் பார்த்தான். கட்டைவிரல் போனால் உளியை எதைக் கொண்டு பிடிப்பான்? சபையில் இருந்த விகடகவி நக்கண்ணனுக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. ஆனாலும் உரக்கச் சிரித்தான். விகடகவி அழுதால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

“ஏனய்யா சிரிக்கிறீர்?” என்றார் ராஜா.

“கை செய்ததற்குக் கைக்குத் தண்டனை. சொன்ன வாய் சௌக்கியமாக இருக்கிறதே என்று சிரித்தேன், மன்னவா.”

மாதண்டருக்குச் சுருக்கென்றது. நக்கண்ணன்மேல் அவருக்கு நெடுநாள் காய்ச்சல். ராஜா அவனோடு சேர்ந்து சிரிப்பதே அவருக்கு ஆகாது. “அப்படியானால் இவரே அளவு சொல்லட்டும், மன்னவா. ஆனால் ஒருமுறை நூல் பட்டதே அரச சங்குக்குத் தோஷம். இனி நூலோ கோலோ இவர் கையோ அதன்மேல் படலாகாது. அறுக்கவும் கூடாது. உட்சுற்று வரை அளவு வேண்டும். தவறினால் சிற்பியின் விரலோடு இவர் விரலும் சேர்த்து இரண்டு கட்டைவிரல்!”

ராஜா எட்டு நாள் கெடு கொடுத்தார்.

நக்கண்ணன் நேரே கடற்கரைக்குப் போனான். அங்கே வளையலுக்குச் சங்கு அறுக்கும் முத்தாச்சி, அரைவட்ட ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். வளையலுக்கு ஆகாத சின்னச் சங்குகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றை நெடுக்காக அறுத்துத் தரச் சொன்னான். உள்ளே சுற்றுக்குமேல் சுற்று. ஈர்க்குச்சியை ஒடித்து ஒவ்வொன்றாக அளந்தான். ஒரு சுற்றைவிட அடுத்தது ஒன்றரைப் பங்கு. அதற்கடுத்ததும் அதே ஒன்றரைப் பங்கு. வேறு சங்குகளை அறுக்கச் சொன்னான். அவற்றிலும் அதேதான்.

“ஏன் ஆத்தா, சங்குக்குள்ள இருக்கிற பூச்சி வளர வளர வீடு பத்தாதே. பழைய சுவரை இடிச்சுட்டுப் பெருசாக் கட்டுமா?”

“அட, நீ ஒண்ணு! அது எதுக்கு இடிக்குது? வாசல்ல மட்டுந்தான் கட்டிக்கிட்டே போகும். குட்டியில இருந்த வீடு அப்படியே நுனியில கெடக்கும் பாரு.”

நக்கண்ணன் அந்த அறுத்த சங்கைக் கையில் வைத்தபடி அலையோரம் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டான். நாமெல்லாம் வளர்ந்ததும் பழசை மறைக்கப் படாத பாடு படுகிறோம். இந்தப் பூச்சி தன் குழந்தைப் பருவத்தைத் தலையிலேயே தூக்கிக்கொண்டு திரிகிறதே என்று நினைத்தான். நினைக்க நினைக்க மனசு லேசானது. செம்பியானின் விரலும் பிழைக்கும் என்று தோன்றியது.

எட்டாம் நாள் சபையில் ஒரு திரை தொங்கியது. அதில் ஒரே அளவாக இரண்டு துளை. “அரச சங்கைத் தொட எனக்கு அனுமதியில்லை. மன்னவரே தொட்டு வைக்க வேண்டும்” என்றான் நக்கண்ணன். ராஜா உற்சாகமாகத் திரைக்குப் பின்னால் போய், அவன் காட்டிய இடத்தில், ஒரு துளைக்கு நேரே தள்ளிச் சங்கை வைத்தார். இன்னொரு துளைக்கு அருகில் நக்கண்ணன் ஒன்றை வைத்தான்.

“அமைச்சரே, இரண்டில் அரச சங்கு எது?”

“ஆறு தலைமுறைப் பொக்கிஷம் எனக்குத் தெரியாதா?” மாதண்டர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு துளையிலும் பார்த்தார். மறுபடி இதில் பார்த்தார். வேர்த்தது. கடைசியில் ஒரு துளைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

திரையை விலக்கினார்கள். அவர் கும்பிட்டது, முத்தாச்சி கழித்துப்போட்ட சுண்டுவிரல் நீளச் சங்கு. அரச சங்கு பத்தடி பின்னால் இருந்ததால், துளை வழியே இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்திருக்கின்றன. சபை கொல்லென்று சிரித்தது.

“காவலருக்கே வித்தியாசம் தெரியவில்லை. வடிவம் இம்மியும் மாறவில்லை, மன்னவா. இதை அளந்தால் அதை அளந்தது போலத்தான்.”

“வெளியே ஒன்றாக இருக்கலாம்” என்று எழுந்தபடியே கத்தினார் மாதண்டர். “உள்ளே?”

நக்கண்ணன் அறுத்த சங்கை ராஜாவின் கையில் வைத்தான். “சங்குப்பூச்சி எதையும் இடிப்பதில்லை, மன்னவா. வாசலில் மட்டுமே கட்டுகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு காலத்தில் வெளியே இருந்ததுதான். இந்தச் சின்னச் சங்குதான் அரச சங்கின் உட்சுற்று. சுற்றுக்குச் சுற்று ஒன்றரைப் பங்கு. பெருக்கினால் சங்கு, அமைச்சர் சொன்னபடி எல்லார்க்கும் ஒரே முழம் கூட்டினால் பூசணிக்காய். சின்னதற்கும் பெரியதற்கும் ஒரே அளவைக் கூட்டுவது நீதி ஆகுமா? தாங்களே சொல்லுங்கள்.”

ராஜா சங்கின் சுற்றுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகு செம்பியானைப் பார்த்தார். “யாம் அவசரப்பட்டோம். இந்தக் கையா குற்றவாளி?” என்று வில்லின் நாண் இழுக்கத் தம் கட்டைவிரலில் போட்டிருந்த வில்லாளி மோதிரத்தைக் கழற்றி, “நக்கண்ணரே, இது உமக்கு” என்றார்.

“என் விரலுக்கு ஆபத்து வந்தது என் வாயால், மன்னவா. அவன் விரலுக்குப் போடுங்கள். அரச மோதிரம் கிடக்கும் விரலை எவன் வெட்டுவான்?”

ராஜா செம்பியானின் கையைப் பிடித்து மோதிரத்தைப் போட்டார். முப்பது வருஷம் உளி பிடித்துத் தடித்த விரல் அது. மோதிரம் நகத்தைக்கூடத் தாண்டவில்லை. ராஜா தம் விரலையும் அவன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எம்முடையதைவிட எவ்வளவு பெரிது!”

“ஒன்றரைப் பங்கு இருக்கும், மன்னவா” என்றான் நக்கண்ணன்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அதே வடிவத்தில் ஒன்றரைப் பங்கு மோதிரம் ஒன்று வார்க்கச் சொல்லி அங்கேயே ஆணையிட்டார். செம்பியான் மட்டும் சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலை இடக்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, சபை நடுவே விம்மி விம்மி அழுதான்.