யாளிக்கு முந்தைய பக்கம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யருக்கு நாற்பத்தெட்டு. மதுரையில் மாயாஜாலப் படக்கதைகள் வரைந்து பேர் வாங்கியிருந்த மர்லினிடம், வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கும் சௌந்தரபாண்டியன் இரண்டு வருடமாகப் பாடம் கேட்டு வந்தார்.

அன்று அவர் மர்லின் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கையில் அவர் வரைந்த நாற்பது பக்கப் படக்கதை. மாலை ஐந்து மணிக்குள் பத்திரிகைப் போட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். முன்பு அனுப்பிய இரண்டு கதைகளும் திரும்பி வந்துவிட்டன. இதுவும் வந்தால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

செம்பி என்ற பெண், தன் தம்பியைத் தூக்கிப்போன யாளியைத் தேடி மலைக்குகைக்குப் போகிறாள். அதுதான் கதை. பக்கத்துக்குப் பக்கம் வாள் வீச்சு.

பத்தொன்பதாம் பக்கத்தில் மர்லின் கொட்டாவி விட்டாள். சௌந்தரபாண்டியனுக்கு உயிரே போய்விட்டது.

“டீச்சர், ஒரு பக்கத்தைக்கூட சும்மா விடலையே! எல்லாத்துலயும் சண்டைதான். அப்புறம் ஏன் விறுவிறுப்பு இல்ல?”

மர்லின் குகை வாசலில் நடக்கும் சண்டைப் பக்கத்தை உருவிக் கீழே போட்டாள்.

“ஐயோ, அது ஒன்பது நாள் வேலை!”

“கொஞ்சம் பேசாம இருங்கண்ணே.”

வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து மூன்று கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் செம்பி அகல்விளக்கோடு குகை வாசலில் நிற்கிறாள். சுடர் குகைக்குள் சாய்கிறது. அடுத்த கட்டத்தில் சுடர் வெளிப்பக்கம் சாய்கிறது. மூன்றாவதில் மறுபடியும் உள்ளே. வாளும் இல்லை, வசனமும் இல்லை. உருவிய இடத்தில் அந்தத் தாளைச் செருகி, தாள்கட்டை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் பார்த்தார். உள்ளே, வெளியே, உள்ளே.

“டீச்சர்... மூச்சு விடுது! உள்ள படுத்திருக்கு!”

 பக்கத்தைப் புரட்டக் கை பாய்ந்தது. மர்லின் தன் உள்ளங்கையைத் தாளின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“கையை எடுங்க டீச்சர்!” என்று கத்தியேவிட்டார்.

“அடுத்த பக்கத்துல என்ன இருக்கு?”

“யாளி! வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும்!”

“எப்படித் தெரியும்?”

“நான்தானே வரைஞ்சேன்!”

“அப்புறம் எதுக்குண்ணே இவ்வளவு அவசரம்?”