ஹெட்போனில் எரியும் நிறம்

எம்.சி. இடிக்கு நாற்பத்தொரு வயதில் ஒரு குரு தேவைப்பட்டார். கிடைத்தவருக்கு வயது இருபத்தொன்பது. பெயர் பெனிட்டா, தொழில் டி.ஜே. சீடனைவிட குருவுக்கு வயது கூடியிருக்க வேண்டும் என்று எந்த நூலும் விதித்ததாகத் தெரியவில்லை. விதித்திருந்தாலும் இடி அதைப் படித்திருக்க மாட்டார்.

ரேஷன் கார்டில் இடியின் பெயர் தணிகைவேல். கல்யாண வரவேற்பிலும் கல்லூரி விழாவிலும் ராப் பாடுவது, நடுவில் "கை எங்கே?" என்று கேட்பது, கேட்ட கையோடு இருநூறு கைகள் எழுவதைப் பார்ப்பது. பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். கழற்றினால் தணிகைவேல் வெளியே வந்துவிடுவான், அவனுக்காக யாரும் கை தூக்க மாட்டார்கள் என்பது அவருடைய கொள்கை.

இன்னொரு கொள்கையும் இருந்தது. "பார்ட்டிக்கு வர்றவன் பாட்டு கேக்க வரல. சந்தோஷமா இருக்கோம்னு நாலு பேர் பாக்கணும்னு வர்றான். பாட்டு கால் பங்கு, தோரணை முக்கால் பங்கு." பேட்டிகளில் இதைத் தவறாமல் சொல்வார்.

இப்படி இரண்டு உறுதியான கொள்கைகள் உள்ள மனிதருக்கு இடது கால் ஏன் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது என்பது தெரியவில்லை. உட்கார்ந்தால் ஆடும். சாப்பிடும்போது ஆடும். ஆனால் எந்தத் தாளத்துக்கும் ஆடாது. பெனிட்டா முதல் நாளே அதைக் கவனித்தார்.

அந்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு இருவரும் சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுசில் இருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. செயலாளர் சேஷகிரி ஓய்வுபெற்ற பொறியாளர். போன வருடம் ஸ்பீக்கர் வைத்ததற்கு பி பிளாக்கிலிருந்து பதினான்கு புகார் வந்ததாம்.

"சத்தம் வரப்படாது. கொண்டாட்டமும் குறையப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் பெனிட்டா ஹெட்போன் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். நூற்றிருபது ஹெட்போன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஸ்விட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் ஒருவர் போடும் பாட்டு, அந்தப் பக்கம் தள்ளினால் இன்னொருவர் போடுவது. எதைக் கேட்கிறோமோ அதற்கேற்ப காதின் வெளிப்பக்கம் சிவப்போ நீலமோ எரியும். ஊருக்கெல்லாம் தெரியும், போட்டிருப்பவருக்கு மட்டும் தெரியாது.

"மாஸ்டர், ஒரு கேள்வி" என்றார் இடி.

"கேளுங்கண்ணே."

"ஒரு கம்பெனியில கூப்பிடுறாங்க. வருஷம் முழுக்க ஷோ. துபாய், சிங்கப்பூர், கப்பல்ல கூட. ஒரே ஒரு கண்டிஷன்."

"என்னவாம்?"

"நான் பாடக் கூடாது, எதையும் போடவும் கூடாது. ஒண்ணேகால் மணி நேரத்துக்கு அவங்களே எல்லாம் கோத்துக் குடுத்துடுவாங்க, என் குரலையும் சேத்து. நான் நின்னு கையைத் தூக்கினா போதும். எந்தெந்த நிமிஷத்துல தூக்கணும்னு பட்டியல்கூட இருக்கு."

"எத்தனை இடம்?"

"நாப்பத்தாறு."

"பரவாயில்ல, கைக்கு நல்ல வேலைதான்."

"சிரிக்காதீங்க மாஸ்டர். ஒத்துக்கிட்டா இனிமே வேற எங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது. ஒத்துக்கலைன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல என்னை யாரும் கூப்பிட மாட்டான். ஆறு மணிக்கு போன் பண்ணுவாங்க. நீங்க சொல்லுங்க, ஒத்துக்கலாமா?"

பெனிட்டா வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "அவங்க கோத்தது கையில இருக்கா?"

"பென் டிரைவ்ல சாம்பிள் குடுத்திருக்காங்க."

"அப்ப இன்னிக்கு அதையே போடுங்க. சிவப்பு உங்களுக்கு. நீலம் எனக்கு."

"இதுவா பதில்?"

"இல்லண்ணே. நாலு மணிக்கு ஆரம்பிக்கணும்."

நாலு மணிக்கு ஆரம்பித்தது. இடி மேடையின் நடுவில் நின்றார். பொன்னிறச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காதில் ஹெட்போன். பெனிட்டா பின்மூலையில் டேபிள் டென்னிஸ் மேசைக்குப் பின்னால் சாம்பல் நிறச் சட்டையில் உட்கார்ந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆரம்பத்திலிருந்தே மண்டபம் முழுக்கச் சிவப்பு. இடி கை தூக்கினார், நூறு கைகள் எழுந்தன. ஹெட்போன் மாட்டாமல் வாசலில் நின்ற சேஷகிரி, தன் சங்க உறுப்பினர்கள் சத்தமே இல்லாமல் குதிப்பதைப் பார்த்து, விதிகளில் இதற்கு இடம் உண்டா என்று யோசித்தார்.

பன்னிரண்டாவது நிமிடம் இடியின் காதில் இடியின் குரல் "கை எங்கே?" என்றது. மூன்று மாதம் முன்பு, ஜலதோஷத்தோடு ஸ்டூடியோவில் பேசியது. இடி கை தூக்கினார். தன் குரல் கேட்டுத் தானே கை தூக்குவது முதல் முறை வேடிக்கையாக இருந்தது. நான்காவது முறை அப்படி இல்லை. கால் ஆட ஆரம்பித்தது.

பதினெட்டாவது நிமிடம் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின் வேட்டி அவிழ்ந்தது. அவர் அதைப் பாதியில் பிடித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துச் சரிந்தார்கள். இப்படி ஒரு வேட்டிக்காகத்தான் இடி பதினாறு வருடம் மேடையேறினார் என்றுகூடச் சொல்லலாம். நாலு வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எதுகையோடு. வாயைத் திறந்தார். காதுக்குள் அவர் குரல், "சென்னை, எல்லாரும் ஓகேவா?" என்றது.

வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் நீலத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றியது. பக்கத்துக் கடைச் சரக்கை எட்டிப் பார்ப்பது எல்லாத் தொழிலிலும் உண்டு. காதைச் சொறிவதுபோல ஸ்விட்சைத் தள்ளினார்.

நீலத்தில் பாட்டு நின்றிருந்தது. ஒரு ஒற்றை மேளம் மட்டும், பொறுமையாக, யாருக்கோ காத்திருப்பதுபோல. பெரிய மனிதர் வேட்டியை இறுக்கிக் கட்டி, நிமிர்ந்து, ஒரு காலை முன்வைத்தார். அந்தக் கால் தரையைத் தொட்ட நொடியில் அத்தனை வாத்தியமும் சேர்ந்து விழுந்தது.

இடி உரக்கச் சிரித்துவிட்டார். இந்தப் பாட்டு முடியட்டும், திரும்பிவிடலாம் என்று நினைத்தார். எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அடுத்ததற்குள் எப்போதோ போய்விட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் மூன்று தலைகள் நீலம். பிறகு எட்டு. பிறகு அவர் எண்ணுவதை விட்டார். பட்டியல் மறந்துபோனது. நாற்காலி மேல் ஏறிக் குதித்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், கைதட்டினார்கள். பார்க்கப் பார்க்க நீலம் கூடியது. என்ன செய்தாலும் கூடியது. ஐந்து மணிக்கு மண்டபத்தில் இரண்டே சிவப்பு: ஒன்று சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் தலையில், இன்னொன்று யாரோ நாற்காலியில் வைத்துவிட்டுப் போனது.

ஐந்தே முக்காலுக்குக் கூட்டம் கலைந்தது. பெனிட்டா ஹெட்போன்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இடி நேரே அவரிடம் போனார்.

"என் கூட்டத்தைத் தூக்கிட்டீங்க மாஸ்டர்."

"நூத்திப் பதினெட்டு, நூத்திப் பத்தொம்போது. ஒண்ணு குறையுது."

"நான் நாற்காலி மேல ஏறிக் குதிக்கிறேன். ஒருத்தன்கூட உங்களைத் திரும்பிப் பாக்கல. அப்புறம் எப்படி எல்லாரும் உங்க பக்கம் வந்தாங்க?"

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் செருப்புங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"என்னைக் கேவலப்படுத்தணும்னு முன்னாடியே யோசிச்சீங்களா?"

"நீலத்துல பாட்டு போடணும்னு யோசிச்சேன். அவ்வளவுதான்."

சேஷகிரி போனை நீட்டிக்கொண்டே வந்தார். "சார், பிரமாதம். ஒரு சத்தமில்லை, ஒரு புகாரில்லை. நீங்க வாய்விட்டுச் சிரிச்சேளே, அதிலேர்ந்து எடுத்திருக்கேன். எங்க பி பிளாக்கே உங்களைப் பார்த்துண்டுதான் ஆடித்து. பாருங்கோ."

கறுப்புக் கண்ணாடி வழியே திரையில் எல்லாம் ஒரே மங்கலாக இருந்தது. இடி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

வீடியோவில் பாட்டு இல்லை. செருப்புகள் தரையில் விழும் சத்தம் மட்டும். மண்டபம் முழுக்கச் சிவப்பு விளக்குகள். மேடையில் மட்டும், பொன்னிறச் சட்டைக்கு மேலே, ஒரே ஒரு நீலம். முன்வரிசையில் வேட்டிக்காரர் மேடையை அண்ணாந்து பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவியிடம் ஏதோ காட்டினார். இருவர் கைகளும் காதுக்குப் போயின. இரண்டு சிவப்பு அணைந்து இரண்டு நீலம் எரிந்தது. பின்னால் நின்றவர்கள் மேடையைப் பார்த்தார்கள்.

இடி அதைக் கடைசிவரை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை அவர் தன் இடது காலை மட்டும் பார்த்தார். எல்லாச் செருப்புகளும் விழும்போது அதுவும் கூடவே விழுந்துகொண்டிருந்தது.

சேஷகிரி போனை வாங்கிக்கொண்டு விளக்குகளை அணைக்கப் போனார்.

ஆறு மணிக்கு இடியின் போன் அடித்தது. எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், அவங்கதான். நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல."

பெனிட்டா பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"பேசறதுக்கு முன்னாடி, கழுத்துல இருக்கறதைக் கழட்டிக் குடுங்கண்ணே. நீலம் இன்னும் எரியுது."