மொட்டுகள் வாய்க்குள் குடிபோன நாள்

அந்தக் காலத்தில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. பூனையும் மீனும் நாரையும் மனிதரோடு சரிசமமாக வாயாடிய காலம் அது. அந்த வாயாடலைத் தவிர வேறெதற்கும் உதவாமல் நாக்கு கிடந்தது. பேச்சுக்குப் புரளும், வந்த கவளத்தைத் தொண்டைக்குள் தள்ளும், அவ்வளவுதான். அதன் மேல் முழுக்கச் சொரசொரவென்று பொடி முட்கள் மட்டும் இருந்தன. இன்றும் நாக்கில் பெரும்பான்மை அந்த முட்கள்தான். இன்றும் அவற்றுக்குச் சுவை தெரியாது. பெரும்பான்மைக்குச் சுவை தெரியாமல் இருப்பது வேறு இடங்களிலும் உண்டு, அதை விடுங்கள்.

சுவை மொட்டுகள் அப்போது தோலில் குடியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பொடிப் பூண்டு போல இருக்கும். உள்ளே ஐம்பது, நூறு பற்கள் நெருக்கியடித்து நிற்கும். உச்சியில் ஓர் ஊசித்துளை. அந்தத் துளை வழியே சன்னமான மயிர்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆயிரம் மொட்டுகளைக் குவித்தாலும் ஒரு கடுகு அளவுக்கு வராது. உள்ளங்கையைக் காதோடு ஒட்டிவைத்தால் அவை பேசிக்கொள்வது கேட்கும்.

ஆகவே தொட்டதெல்லாம் ருசித்தது. வேப்பமரத்தில் சாய்ந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே பேசுவான். புளிக்கரைசலில் தெரியாமல் கால் வைத்தவள் இடுப்புவரை கூசி நிற்பாள். சாப்பாடு என்பது முழுக்கக் கையின் வேலை. பிசையும்போதே ருசி முடிந்துவிடும். விழுங்குவது மூட்டை இறக்குவது போல ஒரு கூலி வேலை. அதைக்கூட விரல் உதட்டில் படாமல், அண்ணாந்து, தூக்கிப் போட்டுத்தான் செய்வார்கள். இன்றைக்குச் சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடிக்கிறோமே, அது போல. (மிளகாய் அப்போது இந்தக் கரைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் இந்தக் கதையில் அதற்கு இடமில்லை. காரம் சுவையல்ல, வலி.)

இவ்வளவு சுகத்துக்கும் நடுவே ஒரே ஒரு கடுமையான சட்டம் இருந்தது. யாரும் யாருக்கும் ஊட்டக் கூடாது. வாய் குருடு. கை தொட்டுப் பார்க்காததை வாய் விழுங்கினால் அது சோறா நஞ்சா என்று யாருக்குத் தெரியும்? எப்போதோ ஓர் ஊரில் ஒருவன் இன்னொருவனுக்கு ஊட்டிக் கொன்றான் என்பார்கள். எந்த ஊர், யார் செத்தது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. சட்டம் மட்டும் மறக்கவில்லை. ஊட்டியவர் கையை, உப்பெடுத்த பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் ஒரு பகல் முழுக்க அமுக்கி வைப்பார்கள். மொட்டுகள் கூட்டமாகக் கதறிச் சாகும். அந்தக் கதறலைக் கேட்டவர்கள் தம் பிள்ளைக்குக்கூட ஊட்ட நினைக்க மாட்டார்கள்.

கடலோரத்து உப்பளம் ஒன்றை ஒட்டிய ஊரில் அரியநாச்சி என்றொரு மருமகள் இருந்தாள். அவளுக்கு முத்துப்பேச்சி என்றொரு மாமியார். அரியநாச்சியின் புருஷன் உப்பு வண்டியோடு மேற்கே போயிருந்தான். வீட்டில் இவர்கள் இருவரும் ஒரு கறுப்புப் பூனையும்தான்.

முத்துப்பேச்சி நாற்பது வருஷம் பாத்தியில் உப்பு வாரியவள். உப்பில் ஊறி முதலில் அவள் பாதத்து மொட்டுகள் செத்தன. அடுத்து உள்ளங்கை. அவள் அசரவில்லை, கஞ்சியை முழங்கையில் ஊற்றி ருசித்தாள். முழங்கை போனதும் பிடரியில். கடைசியில் இடது கன்னத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. சாப்பாட்டு நேரத்தில் கன்னத்தில் குழம்பைப் பூசிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மருமகள் சமையலில் என்ன குறை என்று யோசிப்பாள். ஒரு நாள் உப்புக் காற்றில் அந்தக் கன்னமும் அவிந்தது.

"என்னட்டி இது?" என்றாள்.

"மொச்சைக் குழம்பு, அத்தே."

"மண்ணு."

"நேத்தும் இதேதான் வச்சேன். புளி தூக்கலா இருக்குன்னு சொல்லிக்கிட்டே நாலு கவளம் தின்னீங்க."

"நேத்து கன்னம் இருந்துச்சு."

தொட்டு ருசிக்காததை விழுங்குவது அந்தக் காலத்து மனிதருக்கு உயிரோடு பல்லியை விழுங்குவது போல. முத்துப்பேச்சி கண்ணை மூடி ஒரு கவளத்தை உள்ளே போட்டுப் பார்த்தாள். தொண்டை அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதன்பிறகு அவள் சட்டியைத் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் திட்டுவதை நிறுத்தினாள். அரியநாச்சி பயந்தது அதற்குத்தான். நான்காம் நாள் மாமியாரால் கையைத் தூக்க முடியவில்லை.

அரியநாச்சி கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோற்றைப் பிசைந்தாள். கட்டைவிரலைக் காதருகே கொண்டுபோனாள்.

"எப்படி இருக்கு?"

"அருமை" என்றது கட்டைவிரல் நுனியில் இருந்த ஒரு மூத்த மொட்டு. "ஆனால் தொண்டை வறள்கிறது. கரைந்து வருவதுதான் எங்கள் துளைக்குள் இறங்கும். இந்த வறட்டுத் தோலில் பாதி ருசி வாசலிலேயே நின்றுவிடுகிறது. எத்தனை முறை சொல்வது?"

"தெனமும் இதே புலம்பல்" என்ற அரியநாச்சி மாமியாரைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு போய் வந்துகொண்டிருந்தது, அதுவும் மெதுவாக.

அவள் வாசலைப் பார்த்தாள். அடுப்பு மேட்டில் இருந்த பூனையைப் பார்த்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை. கவளத்தை எடுத்து மாமியாரின் வாய்க்குள் விரலோடு திணித்தாள்.

பூனைக்கு மயிர் சிலிர்த்தது. "ஐயையோ! ஊட்டிட்டா! மாமியாருக்கு ஊட்டிட்டா!" என்று அலறிக்கொண்டு கூரை வழியாகத் தெருவில் குதித்தது.

அந்தக் கூச்சல் அரியநாச்சிக்குக் கேட்கவில்லை. அவள் விரல்களே அலறிக்கொண்டிருந்தன. நான்கு நாள் வறண்டு கிடந்த வாயில், சோறு பட்டதும், எங்கிருந்தோ நீர் ஊறியது. கன்னத்து உட்புறத்தில் இருந்து, நாக்கின் அடியில் இருந்து, குபுகுபுவென்று. பிறந்ததிலிருந்து வறட்டுத் தோலில் காய்ந்த மொட்டுகளுக்கு மூச்சு முட்டியது.

"மழை!" என்றது ஒன்று.

"மழையில்லை, ஊற்று!" என்றது மூத்த மொட்டு. "அடேய், குழம்பு கரைகிறது! கரைந்து தானாக உள்ளே வருகிறது! இத்தனை காலமும் நாம் ருசித்தது ருசியே இல்லையடா!"

அரியநாச்சி கையை வெளியே இழுத்தாள். விரல்கள் மட்டும் வந்தன. மிச்சக் குழம்பைத் தொட்டாள். ஒன்றும் தெரியவில்லை. வெதுவெதுப்பு இருந்தது, பிசுபிசுப்பு இருந்தது, ருசி இல்லை. விரலைக் காதில் வைத்தாள், உள்ளங்கையையும் வைத்தாள். நிசப்தம். கை தன்னுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போது முத்துப்பேச்சியின் கண்கள் திறந்தன. தாடை அசைந்தது. ஒரு முறை, இரண்டு முறை. முகத்தில் ஒரு பெரும் திகைப்பு பரவியது. உலகத்தில் முதன்முதலாக ஒரு வாய் சுவையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது.

"உப்பு ரொம்பக் கூட" என்றது.

அரியநாச்சி பதில் சொல்வதற்குள் ஊரே வீட்டு வாசலில் வந்து நின்றது. பூனை வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. ஊர்த்தலைவர் பலவேசம் முன்னால் வந்தார். "கையக் காட்டும்மா" என்றார். விரலிடுக்கில் எச்சில் இருந்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை. உள்ளே கிடந்தவளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊட்டப்பட்டவள் செத்திருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பாத்தி மேட்டில் அவளை மண்டியிட வைத்து, வலது கையைக் கசப்பு நீரில் அமுக்கினார்கள். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கதறல் எதுவும் வரவில்லை.

பலவேசம் குனிந்து பார்த்தார். அரியநாச்சி முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "ஆழமா அமுக்குங்க" என்றார். அமுக்கினார்கள். நீரில் நான்கு குமிழிகள் வந்தன, அவ்வளவுதான்.

"ஏற்கெனவே செத்த கைய எப்படிங்க தண்டிக்கிறது?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சட்டத்தில் அதற்கு வழி இல்லை.

"அவ கையில ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. எல்லாம் என் வாயில இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். அந்த ஒரு கவளத்தின் தெம்பில் முத்துப்பேச்சி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். செத்தவள் நடந்து வந்தது ஓர் அதிர்ச்சி. அவள் அடுத்துச் சொன்னது அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

"வாய்க்கு ருசி தெரியுது. நம்பலேன்னா ஏதாவது போட்டுப் பாருங்க."

பலவேசம் மடியிலிருந்து ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்தார். ஊட்டியதாகிவிடக் கூடாது என்று, தூரத்தில் நின்று, தூக்கிப் போட்டார். அது அவள் மூக்கில் பட்டது. இரண்டாவது முறை தாடையில். மூன்றாவது முறை நாரை ஒன்று கெக்கலித்துச் சிரித்தது. பலவேசத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு எட்டில் அவளிடம் போய், கருப்பட்டியை அவள் நாக்கிலேயே அழுத்தி வைத்தார்.

தாம் என்ன செய்துவிட்டோம் என்பது ஊர் வாயடைத்து நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. வெடுக்கென்று கையை உருவினார்.

"கருப்பட்டி" என்றாள் முத்துப்பேச்சி. "பாகு கொஞ்சம் கரிஞ்சு போச்சு. கசக்குது."

பலவேசம் கையை நக்கிப் பார்க்கவில்லை. நக்குவது என்ற ஒன்று அப்போது கிடையாது. விரலால் மடியில் இருந்த மிச்சக் கருப்பட்டியைத் தொட்டார். மணலைத் தொட்டது போல இருந்தது. "என் கை!" என்று அலறினார். "என் கையில இருந்ததெல்லாம் இவ வாய்க்குள்ள போயிருச்சு!"

முத்துப்பேச்சியின் திறந்த வாய்க்குள்ளிருந்து மொட்டுகளின் குரல் கேட்டது. "வாங்க! இங்கே ஊற்று இருக்கிறது!"

அதைக் கேட்டதும் ஊர்க்காரர் ஒவ்வொருவரின் கையும் நமநமவென்றது. விரல்கள் தாமாக நீண்டன. முத்துப்பேச்சியின் வாயை நோக்கி ஒரு கிழவன் இரண்டு அடி இழுபட்டுப் போனான். முத்துப்பேச்சி வாயை மூட முடியாமல் பின்வாங்கினாள். ஊரின் ருசி முழுவதும் ஒரே வாய்க்குள், அதுவும் அந்த வாய்க்குள், போய்ச் சேரப்போகிறது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அவங்கவங்க கைய அவங்கவங்க வாயில வைங்க!" என்று கத்தினாள் அரியநாச்சி. மிஞ்சியிருந்த இடது கையைத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

யாரும் சட்டத்தை நினைக்கவில்லை. ஊரே கையை வாயில் வைத்தது. பலவேசமும் இடது கையைக் கடித்துக்கொண்டு நின்றார். முதுகிலும் தொடையிலும் இருந்த மொட்டுகள் எறும்புச் சாரை போலக் கழுத்தேறி உதட்டைத் தாண்டின. அந்தக் கூச்சத்தில் ஊர் முழுக்க நெளிந்தது. இடுப்பிலிருந்த கைக்குழந்தைகள் மட்டும் பதறாமல் இரண்டு முஷ்டியையும் சப்பிக்கொண்டிருந்தன. இன்றும் அவை அந்த எச்சரிக்கையை விடவில்லை.

கலவரம் அடங்கியதும் அரியநாச்சி மாமியாரின் வாய்க்குள் குனிந்து பார்த்தாள். நாக்கின் முன்பக்கம், முட்களுக்கு நடுவே, செக்கச்செவேலென்று காளான் குடைகள் முளைத்திருந்தன. ஓரங்களில் மடிப்பு மடிப்பாகச் சந்துகள். ஆழத்தில், தொண்டை வாசலுக்கு முன்னால், எட்டு ஒன்பது வட்ட மேடுகள் ஆப்பு வடிவில் அணிவகுத்து நின்றன. ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் ஓர் அகழி. அகழியின் அடியில் ஓர் ஊற்று. அகழிச் சுவரில், வெயில் படாத இடமாகப் பார்த்து, அவளுடைய கட்டைவிரலின் மூத்த மொட்டு கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"திரும்பி வர்றியா?" என்று கேட்டாள்.

"மாட்டோம். ஆனால் இங்கே வேலை அதிகம். அகழியில் ஒரு குழம்பைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த குழம்பு. பத்து நாளைக்குமேல் ஒருவரால் தாங்க முடியாது. பத்து நாளைக்கு ஒருமுறை பழைய ஆள் போய்ப் புது ஆள் வருவான். சம்மதமா?"

"வாய் என்னுது. என்னக் கேளு" என்றாள் முத்துப்பேச்சி. பிறகு சம்மதித்தாள்.

பூனைக்குத்தான் நஷ்டம். கலவரத்தின்போது அது பக்கத்து ஊர்களில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. "இனிப்பு நாக்கு நுனியில, கசப்பு பின்னால" என்று பார்க்காததையும் சேர்த்துச் சொன்னது. எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும் என்பதுதான் உண்மை. ஆனால் பூனை சொன்னதைப் பள்ளிப் புத்தகங்கள்கூட வெகுகாலம் நம்பின. வீடு திரும்பியபோது அதன் இனிப்பு மொட்டுகள், அது பேச்சை நிறுத்தி வழிவிடும் என்று காத்திருந்து சலித்து எங்கேயோ போய்விட்டிருந்தன. பூனைக்கு இன்றும் இனிப்பு தெரியாது. அவை உடம்பில் எங்காவது ஒட்டியிருக்குமோ என்று நாள்முழுக்க நக்கித் தேடிக்கொண்டிருக்கிறது. வாய்க்காலில் இருந்த கெளுத்தி மீன் மட்டும் இந்த அமளியைப் பார்த்து மீசையை ஆட்டியது. "தண்ணிக்குத்தானே இந்தப் பாடு? நான் அதுலதான கெடக்கேன்" என்றது. அதன் தோல் முழுக்க மொட்டுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

மறுநாள் மத்தியானம் அரியநாச்சி சோறு பிசைந்தாள். முத்துப்பேச்சிக்கு இன்னும் கையில் தெம்பு வரவில்லை. ஊட்டக் கூடாது என்ற சட்டத்தைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வாயும் புது வேலையில் மும்முரமாக இருந்தது. அரியநாச்சி விரலைக் காதில் வைத்தாள், பழக்கத்தில். சத்தமில்லை. குழம்பு எப்படி இருக்கிறதென்று சொல்ல அந்தக் கையில் யாரும் இல்லை. சொல்லவேண்டியவர்கள் எல்லாம் எதிரே, அந்தப் பொக்கை வாய்க்குள் இருந்தார்கள். கவளத்தை ஊட்டிவிட்டு, பிறந்ததிலிருந்து தன் விரலைத் தவிர யாரிடமும் கேட்டிராத ஒன்றை அவள் கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா, அத்தே?"

முத்துப்பேச்சி வெகுநேரம் மென்றாள்.

"கூட" என்றாள். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள்.

அன்று முதல்தான், ஊட்டுகிற கைக்கு ருசி தெரிவதில்லை. யார் யாருக்கு ஊட்டினாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.